கவர்னர்த்தனமும் தலைமையும்: வைத்தாங்கி உடன்படிக்கையை ஒரு மொழிபெயர்ப்பாக வாசித்தல்

2024 ஜனவரி 20ஆம் திகதி நியூசிலாந்தின் நாருவாவாகியா என்ற ஊரில், தூரங்கவைவை எனும் மாவோரிப் பொதுமுற்றத்தில், ஏறக்குறைய பத்தாயிரம் பேர் கூடினார்கள். கூட்டியவர் மாவோரி அரசர் தூஹெய்தியா. குலத் தலைவர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னர் பதவியேற்ற கூட்டணி அரசாங்கம், 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கைக்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதைப் புதிதாக எழுதப் பார்க்கிறது. அதற்கு நாம் என்ன பதில் சொல்வது என்பதுதான் கூட்டத்தின் கேள்வி.

செய்தியாகப் பார்த்தால் இது ஓர் அரசியல் கூட்டம். எனக்கு அது ஒரு வாசிப்புக் கூட்டமாகவும் படுகிறது. ஒரு சிறிய பிரதி. முகவுரையைத் தள்ளிவிட்டால் மூன்றே மூன்று உறுப்புரைகள். அதில் இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று ஒரு சமூகம் 180 வருடங்களுக்கும் மேலாகக் கூடிக் கூடிப் பேசி வருகிறது. இலக்கிய விமர்சனம் செய்கிறவர்கள் ஒருக்கா நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ஏனென்றால் இங்கே மொழிபெயர்ப்புக் குறைபாடு என்பது அச்சுப்பிழைத் திருத்தத்தோடு முடிகிற விடயமல்ல. காணி, கடல், பிள்ளைகளின் கல்வி, நோயாளியின் மருந்து எல்லாம் அதில் தொங்கி நிற்கின்றன.

பிரதி உருவான கதையை முதலில் பார்ப்போம். 1840 பெப்ரவரி 4ஆம் திகதி கப்பற்படை அதிகாரி வில்லியம் ஹொப்சன் ஆங்கில வரைவை முடித்து, கிறிஸ்தவ மதபோதகர் ஹென்றி வில்லியம்ஸிடம் கொடுத்தார். அவரும் மகன் எட்வர்டும் ஒரே இரவில் அதை மாவோரிக்குப் பெயர்த்தார்கள். மறுநாள் அது தலைவர்கள் முன் வாசிக்கப்பட்டது. பகல் முழுக்க வாதம். எதிர்த்துப் பேசியவர்கள் பலர். இரவும் தலைவர்கள் தங்களுக்குள் இருந்து பேசினார்கள். பெப்ரவரி 6ஆம் திகதி கையெழுத்து. முதலில் ஒப்பமிட்டவர் ஹோனே ஹெக்கே. பிறகு பிரதிகள் நாடெங்கும் கொண்டு செல்லப்பட்டு, 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 பேர் மட்டுமே ஆங்கிலப் பிரதியில் கையெழுத்து வைத்தவர்கள். மற்ற எல்லாரும் வைத்தது மாவோரிப் பிரதியில்.

இனி அந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். ஆங்கிலப் பிரதியின் முதலாம் உறுப்புரையில், தலைவர்கள் தங்கள் இறைமையின் உரிமைகளையும் அதிகாரங்களையும் முழுவதுமாக இங்கிலாந்து இராணிக்கு விட்டுக் கொடுக்கிறார்கள். மாவோரிப் பிரதியில் அவர்கள் கொடுப்பது 'காவனத்தங்க'. ஆங்கிலத்தின் கவர்னர் என்ற சொல் மாவோரி நாவில் 'காவன' ஆயிற்று. அதோடு 'தங்க' என்ற விகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். தமிழில் சொல்லிப் பார்த்தால் 'கவர்னர்த்தனம்' என்று வரும். மாவோரி விவிலியத்தைக் கேட்டிருந்தவர்களுக்கு 'காவன' என்றால் பொந்தியு பிலாத்து போன்ற ஒருவர். தனக்கு மேலே ஒரு பேரரசர் இருக்க, ஒரு மாகாணத்தில் உட்கார்ந்து காரியம் பார்க்கிற அதிகாரி.

இரண்டாம் உறுப்புரையில் ஆங்கிலம் தலைவர்களுக்கு உறுதியளிப்பது காணி, காடு, மீன்பிடி, மற்றைய உடைமைகள் ஆகியவற்றின் குழப்பமற்ற அனுபோகத்தை. மாவோரிப் பிரதி உறுதியளிப்பது 'தினோ ரங்கத்திரத்தங்க' என்பதை. 'ரங்கத்திர' என்றால் குலத்தலைவர். அப்ப இது தலைவரின் தலைமை. 'தினோ' என்பது அதற்கு முழுமையான, உண்மையான என்ற அழுத்தம். நிலம், ஊர், 'தாவொங்க' எனப்படும் அருமைப் பொருட்கள் அனைத்தின் மீதும் அந்தத் தலைமை அவர்களிடமே இருக்கும் என்கிறது பிரதி. விவிலியத்தில் இறைவனுடைய இராச்சியத்தைக் குறிக்க எடுத்த சொல்லும் இதே ரங்கத்திரத்தங்கதான்.

இரண்டையும் சேர்த்து, அந்த முற்றத்தில் குந்தியிருந்த ஒரு தலைவரின் காதால் கேட்டுப் பாருங்கள். பிலாத்துவினுடைய அளவு இராணிக்கு. இராச்சியத்தின் அளவு எங்களுக்கு. கையெழுத்து வைக்க ஏன் தயங்க வேண்டும்?

வில்லியம்ஸுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. ஐந்து வருடத்துக்கு முன்னர், 1835 ஒக்டோபர் 28ஆம் திகதி, வடபகுதித் தலைவர்கள் 34 பேர் ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டிருந்தார்கள். அதில் இறையதிகாரத்தைச் சொல்ல 'மானா' என்ற சொல்லும் 'கீங்கித்தங்க' என்ற சொல்லும் வருகின்றன. மானா என்பது ஒரு மனிதரின், ஒரு குலத்தின் மாண்பும் வல்லமையும் சேர்ந்தது. அதே பிரகடனத்தில் காவனத்தங்க என்ற சொல்லும் உண்டு; ஆனால் அங்கே அது நிர்வாகக் கருமம் என்ற சிறிய பொருளில் வருகிறது. 1840இல் 'உங்கள் மானாவை இராணிக்குத் தாருங்கள்' என்று வாசித்திருந்தால் ஒருவராவது எழும்பி வந்து கையெழுத்து வைத்திருப்பாரா? வில்லியம்ஸ் தெரிந்தே தவிர்த்தாரா, அவசரத்தில் அகப்பட்டதைப் போட்டாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரின் மனதுக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்வது விமர்சகரின் வேலை என்று நான் நினைக்கவில்லை. காதில் விழுந்த சொல் எது என்பது நமக்குத் தெரியும். அது போதும்.

இந்த வாசிப்பைக் கல்வியுலகில் வலுவாகத் தொடக்கி வைத்தவர் ரூத் றொஸ் என்ற வரலாற்றாசிரியை. 1972இல் அவர் எழுதிய கட்டுரை, உடன்படிக்கை என்றால் மாவோரிப் பிரதிதான். பெரும்பாலானவர்கள் ஒப்பமிட்டது அதில்தான் என்ற எளிய உண்மையை மேசையில் எடுத்து வைத்தது. 2022இல் நெட் பிளெட்சர் என்ற சட்ட அறிஞர் ஆங்கிலப் பிரதியை மட்டும் எடுத்து ஒரு பெருநூல் எழுதினார். அன்றைய பிரித்தானியக் குடியேற்ற அலுவலகம் இறைமை என்று கருதியதே, உள்ளூர்த் தலைமைகளை அழிக்காத ஒரு மேலாட்சியைத்தான். ஆகவே இரண்டு பிரதிகளும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பது அவர் வாதம். றொஸ் மாவோரிப் பிரதியிலிருந்து தொடங்குகிறார். பிளெட்சர் ஆங்கிலப் பிரதியிலிருந்து தொடங்குகிறார். எங்கிருந்து தொடங்கினாலும் தலைவர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்ற பழைய வாசிப்பு நிற்கவில்லை.

நம்மட நாட்டு வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி வரும். இரண்டு மொழிப் பிரதிகள் முரண்பட்டால் எது மேலோங்கும்? நமது பாராளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பக்கத்தைத் தமிழில் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம்: ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். வைத்தாங்கி உடன்படிக்கையில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அதனால் நியூசிலாந்து ஒரு விசித்திரமான வழியைக் கண்டுபிடித்தது. 1975ஆம் ஆண்டின் சட்டம் வைத்தாங்கி நியாயசபையை நிறுவி, இரண்டு பிரதிகளுக்கும் பொருள்கொள்ளும் பொறுப்பை அதற்குக் கொடுத்தது. கூடவே, பிரதிகளின் இடத்தில் உடன்படிக்கையின் 'கோட்பாடுகள்' என்ற ஒரு புதுச் சொல்லையும் கொண்டு வந்தது. 1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பங்காளித்துவம், நல்லெண்ணம் என்று அந்தக் கோட்பாடுகளுக்கு உருவம் கொடுத்தது.

இதனால் மாவோரி மக்களுக்கு நன்மை கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 1877இல் ஒரு பிரதம நீதியரசர் உடன்படிக்கையை வெறும் பூச்சியமாக்கித் தீர்ப்பளித்த நாட்டில், இது பெரிய திருப்பம். ஆனால் ஒரு விமர்சகராக எனக்குள்ள குறை இதுதான்: மூலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு அதன் சாரத்தைச் சட்டமாக்கினால், நாளைக்கு வேறொருவர் வந்து 'சாரத்தை நான் வேறு விதமாக எழுதுகிறேன்' என்பார். 2024 நவம்பரில் நடந்தது அதுதான்.

டேவிட் சீமோர் என்ற அமைச்சர் கொண்டுவந்த உடன்படிக்கைக் கோட்பாடுகள் சட்டமூலம் மூன்று விடயங்களைச் சொன்னது. ஆளும் முழு அதிகாரம் அரசாங்கத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் உண்டு. மாவோரிக் குலங்களுக்கு 1840இல் இருந்த உரிமைகள் மதிக்கப்படும். ஆனால் அவை மற்றவர்களின் உரிமைகளிலிருந்து வேறுபட்டால், இழப்பீட்டு இணக்கங்களில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கே. சட்டத்தின் முன் எல்லாரும் சமம். மூன்றாவதை யார்தான் மறுப்பார்? சீமோரின் வாதத்தில் நியாயமான கவலை ஒன்று உண்டு. பிறப்பை வைத்து ஒரு நாட்டில் இரண்டு வகைப் பிரசைகள் இருக்கலாமா என்பது எங்கேயும் கேட்கத்தக்க கேள்விதான். ஆனால் அதற்கான பதில் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. மூன்றாம் உறுப்புரை மாவோரிகளுக்குப் பிரித்தானியப் பிரசைகளின் உரிமைகளைக் கொடுக்கிறது. சமத்துவம் அங்கே உண்டு. தலைமை இரண்டாம் உறுப்புரையில் உண்டு. மூன்றாவதை வைத்து இரண்டாவதை விழுங்க வைப்பது பிழையான வாசிப்பு. சட்டமூலத்தின் பிரதியில் ரங்கத்திரத்தங்க என்ற கருத்தைத் தேடினால் கிடைப்பது 'உரிமைகள்' என்ற வெளிறிய சொல் மட்டும்தான். கொடுப்பவர் கொடுத்தால் உரிமை. தலைமை அப்படி வந்ததல்ல, அது ஏற்கனவே அவர்களிடம் இருந்தது.

சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்க முடியாது. 2022இல் தொடங்கிய மாவோரி சுகாதார அதிகாரசபை, தங்கள் மக்களுக்கான வைத்திய சேவையைத் தாங்களே திட்டமிடும் ஓர் ஏற்பாடு. 2024இல் அது கலைக்கப்பட்டது. ரங்கத்திரத்தங்க என்பதை உடைமை என்று வாசிப்பவருக்கு அங்கே ஒரு திணைக்களம் மூடப்பட்டது. தலைமை என்று வாசிப்பவருக்கு ஓர் உடன்படிக்கை மீறப்பட்டது.

இந்த இடத்தில்தான் தலைவர்களின் கூட்டங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1858இல் பொத்தாத்தவு தெ வெரோவெரோவை அரசராக்கியபோது அவர் உடன்படிக்கையில் ஒப்பமிடாதவர். அந்த அரசர் வழியில் வந்தவர்தான் தூஹெய்தியா. 1860இல் கோஹிமாரமாவில் ஆளுநரே கூட்டிய ஒரு மாத மாநாட்டுக்குத் தலைவர்கள் சுமார் 200 பேர் வந்து உடன்படிக்கையைப் பற்றிப் பேசினார்கள். அடுத்து வந்த ஆளுநர் ஜோர்ஜ் கிறே அதை மீண்டும் கூட்டவில்லை. மூன்று வருடத்தில் படை வைக்காட்டோவுக்குள் நுழைந்தது. பிறகு 12 இலட்சம் ஏக்கர் அளவில் பறிமுதல். 1892 முதல் 1902 வரை மாவோரிகள் தங்களுக்கென்று ஒரு பாராளுமன்றத்தையே நடத்தினார்கள். 1932இல் உடன்படிக்கையைச் சட்டமாக்கக் கேட்டு 30,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு போனது. கூடுகிற ஒவ்வொரு தலைமுறையும் அதே பிரதியை மீண்டும் வாசித்தது. நீதிமன்றங்கள் மறந்திருந்த காலத்திலும் பிரதி உயிரோடு இருந்தது இந்த முற்றங்களில்தான்.

பேச்சில் மட்டும் நின்ற வாக்குறுதிகளும் அங்கேதான் காக்கப்பட்டன. ஒப்பமிடுமுன் கத்தோலிக்க ஆயர் பொம்பலியே சமய சுதந்திரத்துக்கு உறுதி கேட்டார். கிறிஸ்தவப் பிரிவுகளோடு மாவோரி வழமையும் பாதுகாக்கப்படும் என்று ஓர் எழுத்து வாசிக்கப்பட்டது. உடன்படிக்கையின் மூன்று உறுப்புரைகளுக்குள் அது இல்லை. ஆனால் கேட்ட சமூகம் அதை நான்காவது உறுப்புரை என்று இன்றும் சொல்கிறது. எழுதப்பட்டது மட்டும்தான் பிரதி என்று நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம்.

2014இல் நியாயசபை, 1840 பெப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர்கள் தங்கள் இறைமையை விட்டுக் கொடுக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தூஹெய்தியா அந்த ஜனவரிக் கூட்டத்தில் தன் மக்களிடம் கேட்டது, ஒவ்வொரு நாளும் மாவோரியாக வாழுங்கள். அதுவே சிறந்த எதிர்ப்பு என்பதை. ஓகஸ்ட் 30ஆம் திகதி அவர் காலமானார். நவம்பர் 19ஆம் திகதி பாராளுமன்ற வாசலுக்கு நடந்து வந்தவர்கள் பொலிஸ் கணக்கில் 42,000 பேர். 2025 ஏப்ரல் 10ஆம் திகதி சட்டமூலம் 112க்கு 11 என்ற வாக்குகளால் தோற்றது. கோட்பாடுகளைத் திருத்தி எழுதும் ஆசை அதோடு போய்விட்டது என்று நான் நம்பவில்லை. சாரத்தைச் சட்டமாக வைத்திருக்கும்வரை அது திரும்பி வரும்.

இந்த உடன்படிக்கையின் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துத் தமிழில் பெயர்க்க யாராவது முன்வர வேண்டும் என்பது என் விருப்பம். நானும் முயன்று பார்த்தேன். காவனத்தங்கவுக்குக் 'கவர்னர்த்தனம்' என்று போட்டால் சிரிப்பு வருகிறது; ஆனால் மாவோரிக் காதிலும் அது வெளியூர்ச் சொல்லாகத்தான் விழுந்திருக்கும். ரங்கத்திரவுக்கு நம்மட கிழக்கின் 'வன்னிமை' என்ற சொல் பொருந்துமோ என்று யோசித்தேன். ஒரு காலத்தில் அது சிற்றரசர். வெள்ளைக்காரர் காலத்தில் அதே பெயர் அரசாங்கம் நியமித்த தலைமைக்காரருக்குப் போய்விட்டது. அந்தச் சொல்லைப் போட்டால் அதற்குள் ஒரு கவர்னர் வந்து குந்திவிடுவார். 'தலைமை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதிலும் எனக்குத் திருப்தி இல்லை.

ஹெக்கே ஒப்பமிட எழுந்தபோது, கொலென்சோ என்ற அச்சுக்காரர் குறுக்கிட்டு, இதில் உள்ளது இவர்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று ஹொப்சனிடம் கேட்டாராம். தன்னால் ஆனதைச் செய்தாகிவிட்டது என்ற மாதிரி ஒரு பதில் கிடைத்தது. கையெழுத்து நடந்தது. பெயர்க்க வருகிறவர் அந்தக் கேள்வியை மேசையில் வைத்துக்கொண்டு தொடங்கட்டும்.