மூங்கிலின் வெட்டுமுகம்: எப்படி ரசிப்பது?

மூங்கிலை ரசிக்கக் காட்டுக்குப் போக வேண்டாம். பந்தல் சாமான் கடைக்குப் போங்கள். பார்க்க வேண்டியது புதரில் இல்லை, அறுத்த கழியின் முனையில் இருக்கிறது.

முனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கண்ணருகே கொண்டுவாருங்கள். வளையம் முழுக்கக் கரும்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு நார்க்கற்றை. தோலை ஒட்டி நெருக்கியடித்து நிற்பவை, உள்ளே வர வர விலகிக்கொள்கின்றன. வெளி ஓரத்தில் பாதிக்கு மேல் நார்தான். உள் ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் இன்னும் கொஞ்சம். கெட்டி எங்கே முடிந்து மென்மை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடப் பாருங்கள், முடியாது. கழி வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் கூடுதலாகத் தாக்குவது வெளி ஓரத்தை. நாரும் அங்கேதான் குவிந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் தோல்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என ஒரே கனத்தில் இரண்டு பிளாச்சு சீவி வாங்கி வளைத்துப் பாருங்கள்.

இப்படிப் படிப்படியாகக் குணம் மாறும் பொருளை மனிதர்கள் திட்டமிட்டுச் செய்யப் புறப்பட்டது 1984 வாக்கில், ஜப்பானில். விண்வெளி விமானத்துக்கு ஒரு முகம் வெப்பம் தாங்கும் பீங்கானாகவும் மறுமுகம் உலோகமாகவும் இருக்கும் தகடு தேவைப்பட்டது. இரண்டையும் ஒட்டினால் சூட்டில் பிரிந்துவிடும். அதனால் ஒன்றை மற்றொன்றில் கரைத்துக்கொண்டே போனார்கள். மூங்கில் இதைச் சூளையே இல்லாமல் செய்கிறது.

அடுத்து, நீளமான மெல்லிய கழி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி உச்சியில் அழுத்துங்கள். நசுங்காது, பக்கவாட்டில் வில்லாக வளையும். இதற்குக் கணக்கு எழுதியவர் கணித மேதை ஆய்லர், 1744-இல். நீளம் இரட்டிப்பானால் தாங்கும் பாரம் கால்பங்காகிவிடும். நடுவில் விலகாதபடி ஒரு குறுக்குக் கழியைக் கட்டிவிட்டால் நான்கு மடங்கு தாங்கும். எனவே கட்டடச் சாரத்தைப் பார்க்கும்போது உயரத்தை அண்ணாந்து வியப்பதைவிட முடிச்சுகளைப் பாருங்கள். வித்தை அங்கேதான்.

மெல்லிய சுவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இளநீர்க் கடை உறிஞ்சுகுழலை வளையுங்கள். வட்டம் முட்டையாகச் சப்பையாகி, சட்டென்று மடியும். பிரேசியர் என்பவர் 1927-இல் விளக்கியது இதைத்தான். மூங்கிலில் கணுவுக்குள் இருக்கும் தடுப்பு, வட்டத்தைச் சப்பையாக விடாது. கணுக்களின் இடைவெளியையும் கவனியுங்கள்: அடியில் நெருக்கம், நடுவில் நீளம், நுனியில் மறுபடி குறுகல்.

உள்ளே பொந்தில்லாத கல்மூங்கில்தான் உசத்தி என்பார்கள். கைத்தடிக்குச் சரி. ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால் வளையாமல் நிற்பது பொந்துள்ளதுதான்.

மூங்கிலின் பலவீனம் பிளவு. நாரெல்லாம் நீளவாக்கில் ஓடுவதால் குறுக்கே இழுத்துப் பிடிக்க ஆளில்லை. கழி வாங்கினால் முனையில் நெடுக்கு விரிசல் இல்லாததாகப் பாருங்கள். ஆணி அடிக்காதீர்கள், கயிற்றால் கட்டுங்கள்.