மேலே கட்டிய வெள்ளைத்துணி

புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களா. 1917-18 வாக்கில் ஆர். நடராஜ முதலியார் அங்கேதான் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கூரை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டி, அதன் வழியே வடிந்து இறங்கிய வெயிலில் நடிகர்களை நிறுத்தினார். படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடையாது. துணி மட்டும் நம் ஒளிப்பதிவாளர்களை விட்டுப் போகவே இல்லை.

துணி எதற்கு? வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் பாதியிலேயே மறைந்துவிடும். அத்தனை சிறிய இடத்திலிருந்து வரும் வெளிச்சம் மூக்கின் நிழலைக் கன்னத்தில் கத்தியால் கீறியதுபோலப் போடும். கண்குழி இரண்டும் கருப்பாகிவிடும். நடுவில் துணி வந்துவிட்டால் துணியே விளக்கு. பத்தடி அகல விளக்கு. ஒரு பக்கத்துக் கதிரை மூக்கு மறைத்தாலும் இன்னொரு பக்கத்துக் கதிர் அந்த நிழலுக்குள் நுழைந்துவிடுகிறது. நிழலின் ஓரம் கரைகிறது. மேகம் மூடிய நாளில் எல்லோரும் கொஞ்சம் அழகாகத் தெரிவதும் இதே கணக்கில்தான். நம் ஒளிப்பதிவுப் பள்ளிகளைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த எளிய வழி, யார் இந்தத் துணியை எங்கே கட்டினார்கள், எப்போது அவிழ்த்தார்கள் என்று பார்ப்பது.

பேசும்படம் வந்ததும் துணி போயிற்று. தெருச் சத்தமும் காக்கையும் ஒலிப்பதிவில் விழக்கூடாது என்று படப்பிடிப்பை நான்கு சுவருக்குள் கொண்டுபோனார்கள். சத்தத்தோடு சேர்ந்து சூரியனும் வெளியே நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் விளக்கு. முகத்துக்கு ஒரு கீ லைட், அதன் நிழலைத் தணிக்க ஒரு ஃபில் லைட், தலைமுடி ஓரத்தில் பளிச்சிட்டு ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஒரு பேக் லைட். அன்றைய படச்சுருள் மந்தம். வெளிச்சத்தைக் கொட்டினால்தான் உருவம் பதியும். விளக்கோ சில அடி தூரத்தில் இருப்பது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஆகவே நடிகர் இரண்டடி நகர்ந்தால் முகம் மங்கும், அல்லது வெளுக்கும். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதில் நிறுத்திவைத்தார்கள். பழைய படங்களில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று வசனம் பேசுகிறார்களே என்று சிரிக்கிறோம். நாடக மேடைப் பழக்கம் மட்டுமல்ல காரணம்; சாக்பீஸ் கோட்டுக்கும் அதில் பங்குண்டு.

இந்த ஸ்டுடியோப் பள்ளியின் அளவுகோல் ஒன்றே ஒன்று: முகம். 1945இல் வெளிவந்த 'மீரா'வுக்காக எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் எம். எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வார்த்து, அதன்மேல் விளக்கைப் பல கோணங்களில் வைத்துப் பார்த்து, எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கம் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டார்கள். சிலைக்குக் கால் வலிக்காது, மேக்கப் கலையாது. இதை அசட்டு ஆடம்பரம் என்பவர்கள் அந்தப் படத்தின் குளோசப்களை இன்னொரு முறை பார்க்கலாம்.

அதே ஸ்டுடியோ விளக்குகளை வைத்துக்கொண்டு எஸ். மாருதி ராவ் 1954இல் 'அந்த நாள்' படத்தில் நேரெதிரான காரியம் செய்தார்: வெளிச்சத்தைப் பிடுங்கினார். பாட்டே இல்லாத அந்தக் கொலைக்கதையில் இருட்டும் ஒரு சாட்சிபோல நிற்கிறது. மார்க்கஸ் பார்ட்லி 'மாயா பஜார்' (1957) படகுப் பாட்டில் நிலவையே உண்டாக்கினார். ஏ. வின்சென்ட் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தின் ஆஸ்பத்திரி செட்டுக்குள், வெள்ளைச் சுவர் அலுப்புத் தட்டாமல் முழுக்கதையையும் நகர்த்தினார். ஆனால் ஒரு நடிகையின் கூந்தலில் மினுங்கும் பேக் லைட் எந்த ஜன்னலிலிருந்து வருகிறது என்று கேட்டால், இந்தப் பள்ளியில் யாரிடமும் பதில் இருக்காது. அப்படி ஒரு கேள்வியையே அவர்கள் ஏற்கவில்லை.

கேட்டவர் கல்கத்தாக்காரர். சுப்ரதா மித்ரா 'பதேர் பாஞ்சாலி'க்குக் கேமரா பிடித்தபோது வயது இருபத்து சொச்சம்; அதற்குமுன் சினிமா கேமராவைத் தொட்டதில்லை. அடுத்த படம் 'அபராஜிதோ' (1956). காசியில் முற்றம் வைத்த வீடு. மழைக்காலத்துக்குப் பயந்து அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் பன்சி சந்திரகுப்தா செட்டாகப் போட்டார். முற்றத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு நிழலே கிடையாது. ஸ்டுடியோ விளக்கோ ஆளுக்கு நான்கு நிழல் போடும். செட்டே வேண்டாம் என்று மித்ரா வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. முற்றத்தின் மேல் வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, துணியைப் பார்க்கத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஆகாயமாயிற்று. நடிகர்களும் சாக்பீஸ் கோட்டை விட்டு நடமாடத் தொடங்கினார்கள். மில்லர்ஸ் சாலையில் வெயிலை வடிகட்டிய துணி இங்கே விளக்கை வானமாக்கியது. பவுன்ஸ் லைட்டிங் என்று இன்று நம் யூனிட்டுகளில் சர்வசாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

தமிழுக்கு அது இருபது ஆண்டு கழித்து வந்தது, துணியாக அல்ல, ஜன்னலாக. 1977இல் நிவாஸ் '16 வயதினிலே'யைக் கிராமத்து வெளியில் எடுத்தார். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் படித்த பாலு மகேந்திரா அதே ஆண்டு கன்னடத்தில் 'கோகிலா' எடுத்து ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினார். பிறகு 'முள்ளும் மலரும்', 'மூன்றாம் பிறை', 'வீடு'. அசோக்குமார் 'உதிரிப்பூக்க'ளில் ஆற்றங்கரை வெயிலையும், 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் அதிகாலைப் பனியையும் அப்படியே வாங்கிக்கொண்டார். இவர்களின் அளவுகோல் முகமல்ல, வேளை. காட்சியைப் பார்த்தவுடன் காலை எட்டு மணியா, பிற்பகல் மூன்றா என்று தெரிய வேண்டும். கருத்த தோலை மாவு பூசி வெளுக்காமல், அதன் பளபளப்பிலேயே ஜன்னலைக் காட்டியது இந்தப் பள்ளியின் பெரிய கொடை என்பேன்.

ஒருமுறை படப்பிடிப்பு ஒன்றை வேடிக்கை பார்த்தேன். ஓட்டு வீட்டு ஜன்னலோரம் ஒரு பாட்டி; முகத்தின் பாதி இருட்டு. ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட லைட்மேன் ஒருவர் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். "இன்னும் நாலு விரக்கடை உள்ளே வாண்ணே" என்றது கேமரா பக்கமிருந்து ஒரு குரல். அண்ணன் நகர்ந்தார். இருட்டிலிருந்த கன்னத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "போதும், மூச்சு விடாதீங்க." அந்த நாலு விரக்கடைதான் வித்தை. மீதியெல்லாம் கடையில் கிடைக்கும்.

பி. சி. ஸ்ரீராமை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். ஜன்னலின் நியாயம் தெரிந்தவர். ஆனால் ஸ்டுடியோக்காரர்களின் துணிச்சலும் அவரிடம் உண்டு. 'நாயகன்' (1987) படத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழும், கண்கள் நிழலில் கிடக்கும். 'தி காட்ஃபாதர்' படத்தில் கார்டன் வில்லிஸ் செய்தது நினைவுக்கு வரலாம். ஆனால் தாராவியின் ஈரமும் புகையும் அந்த வெளிச்சத்தை வேறாக்கிவிட்டன. தேசிய விருது கிடைத்தது. எங்கள் ஊர்க் கொட்டகையில் நான் பார்த்தபோது பாதிப் படம் கரிப்பிடித்த சட்டியாகத் தெரிந்தது. ஆபரேட்டர் புரொஜக்டரின் கார்பன் குச்சியை மிச்சம்பிடிக்கிறார் என்று தெரியாமல், கேமராமேனைத் திட்டிக்கொண்டே வீடு வந்தோம். ஸ்ரீராமின் 'அக்னி நட்சத்திர'த்தின் கூசும் ஒளிக்கற்றையைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் புகையும் பேக் லைட்டுமாகக் கிளம்பினார்கள். அந்தப் பத்தாண்டுக் கூத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

டிஜிட்டல் சென்சார் வந்தபின் ஒரு தெருவிளக்கே போதும். நிறத்தைக் கணினியில் மாற்றிக்கொள்ளலாம். இருட்டில் எடுப்பது இப்போது சுலபம். எந்த இருட்டு என்று தெரிந்து எடுப்பவர் குறைவு.

இந்நிலையில்தான் 2021இல் 'கூழாங்கல்' வந்தது. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கியது; ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. ஒளிப்பதிவாளர்கள் விக்னேஷ் குமுலையும் ஜெய பார்த்திபனும் துணியை அடியோடு அவிழ்த்துவிட்டார்கள். மதுரைப் பக்கத்துப் பொட்டல், உச்சிவெயில், காலடியில் சுருண்ட நிழல். மூக்கின் நிழல் கத்தியாக விழுந்தால் விழட்டும் என்று விட்டிருக்கிறார்கள். முன்னால் குடிகாரத் தகப்பன் விறுவிறுவென்று நடக்கிறான். பின்னால் வரும் பையன் கையில் ஒரு உடைந்த கண்ணாடித் துண்டு. அதில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறான்.