பெயர் யூனிக்ஸ், வேலை விண்டோஸ்

சிக்வினை 'விண்டோஸில் ஓடும் பாஷ்' என்ற அளவிலேயே பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதன் கைத்திறன் தெரிய வேண்டுமென்றால் ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதற்கு காம்3 என்று பெயர் வைத்தால், சிக்வினில் அதுவே /டெவ்/டிடிஒய்எஸ்2. எஸ்டிடிஒய் கட்டளையால் வேகத்தை 4800 என்று வைத்து அந்தக் கோப்பை 'கேட்' செய்தால், டாலர் குறியில் தொடங்கும் வரிகள் கொட்ட ஆரம்பிக்கும்: நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை செயற்கைக்கோள்.

இத்தனைக்கும் சிக்வினுக்கென்று தனி டிரைவர் கிடையாது. 1995-ல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லின் தொடங்கிய இந்தத் திட்டம் கர்னலுக்குள் கால் வைப்பதே இல்லை. ஒரு டிஎல்எல் கோப்பு வெளியே நின்றுகொண்டு, நிரல் 'ஓபன்' என்று கேட்டால் விண்டோஸுக்குப் புரிகிற அழைப்பாக மாற்றிக் கொடுக்கிறது. லினக்ஸ் டிரைவரை இதில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, வன்பொருளோடு பேசுவது எப்போதும் விண்டோஸ் டிரைவர்தான்.

ரசிக்க வேண்டிய இடம் அந்த மாற்றம். ஒரு சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது? யூனிக்ஸ் இதை விமின், விடைம் என்ற இரண்டே எண்களில் முடித்துவிடும்: குறைந்தது எத்தனை பைட், எவ்வளவு நேரம். நேரத்தின் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. விண்டோஸோ மில்லிநொடியில் கணக்கு வைக்கும். படிப்பதற்கு மட்டும் மூன்று தனித்தனி காலவரம்புகளைக் கேட்கும். இரண்டு எண்களும் பூஜ்ஜியமானால் யூனிக்ஸில் 'இருப்பதைக் கொடு, உடனே திரும்பு' என்று பொருள். அதையே விண்டோஸிடம் சொல்ல, பைட்டுகளுக்கு இடையிலான காலவரம்பில் 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்ணை வைத்து மற்ற இரண்டையும் பூஜ்ஜியமாக்க வேண்டும். யார் யோசித்த வழக்கமோ! இந்தக் கோணல்களை எல்லாம் உள்ளேயே விழுங்கிவிட்டு, மேலே பழைய யூனிக்ஸ் நிரலை ஒரு வரி மாற்றாமல் ஓடவிடுகிறது சிக்வின். காம்10-ஐ விண்டோஸ் முறையில் திறக்க சி மொழியில் நான்கு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி இரண்டு பின்சாய்கோடு போட வேண்டும். இங்கே டிடிஒய்எஸ்9 என்றால் போதும்.

வன்வட்டு, டேப், ஒலி அட்டை எல்லாவற்றுக்கும் இப்படி /டெவ் பெயர்கள் உண்டு. கிளிப்போர்டுக்குக்கூட ஒன்று. அது வன்பொருளே இல்லை, ஆனாலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

பட்டியலில் இல்லாத கருவி வந்தால்? ஆய்வகத்து அளவைக் கருவி ஒன்று, தனக்கென்று ஒரு விண்டோஸ் டிரைவரோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு சிக்வின் பெயர் வைக்காது, வழியையும் அடைக்காது. விண்டோஸ் ஹெடரைச் சேர்த்துக்கொண்டு கிரியேட்ஃபைல், டிவைஸ்ஐஓகன்ட்ரோல் இரண்டையும் நேராகவே கூப்பிடலாம். சிக்வின் வழியே திறந்த கோப்பின் விண்டோஸ் கைப்பிடி வேண்டுமென்றாலும் கெட்ஓஎஸ்ஹேண்டில் எடுத்துத் தரும். ஆனால் நேராகத் திறந்த கைப்பிடியை, பல கோப்புகளுக்காக ஒரே நேரத்தில் காத்திருக்கும் 'செலக்ட்' பட்டியலில் சேர்க்க முடியாது. டிரைவரின் பதிலுக்காக அதில் காத்திருக்கும்போது யூனிக்ஸ் சிக்னல் வந்தாலும் அந்தக் காத்திருப்பு கலையாது.

இன்னொரு கண்ணி, 64 பிட் சிக்வினில் 'லாங்' எட்டு பைட், விண்டோஸிலோ நான்குதான். டிரைவரோடு தந்த ஹெடரில் 'அன்சைன்ட் லாங்' என்று எழுதியிருந்தால், சிக்வினில் கம்பைல் செய்ததும் அந்த ஸ்ட்ரக்சர் சத்தமில்லாமல் வீங்கிவிடும். கம்பைலர் வாயே திறக்காது. அளவு பொருந்தவில்லை என்று டிரைவர் திருப்பி அனுப்பினால் அது நம் அதிர்ஷ்டம். அந்த ஹெடரில் 'லாங்' வரும் இடமெல்லாம் 32 பிட் என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

இப்போது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 இருக்கிறதே என்பீர்கள். அதற்குள் ஓடுவது உண்மையான லினக்ஸ் கர்னல். யூஎஸ்பி கருவியை அதனிடம் ஒப்படைத்தால் விண்டோஸ் டிரைவர் அதை விட்டுவிட வேண்டும், லினக்ஸ் டிரைவர் ஒன்றும் வேண்டும். விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் உள்ள கருவியை ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து இயக்க எனக்கு இன்றைக்கும் சிக்வின்தான்.