ரெண்டு இஞ்ச் ஆசை

நண்பர் மஹிந்திரா தார் வாங்கியிருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை தாம்பரம் டு கிண்டி. எப்போதாவது கொல்லிமலை. 'லிஃப்ட் கிட் போட்டு ரெண்டு இஞ்ச் தூக்கிடலாம் சார், கெத்தா இருக்கும்' என்று ஆசை காட்டியிருக்கிறார் கடைக்காரர். கணக்குப் பார்க்க என்னிடம் வந்தார். பி.காம். படித்த பாவம்!

வரவு என்ன? ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். பின் ஆக்ஸிலில் தொங்குகிற, கல்லில் இடிக்கிற டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்குவது டயர்தான். 18 அங்குல வீலில் 255/65-க்குப் பதில் 265/70 போட்டால் விட்டம் 4 செ.மீ. கூடும். அடியில் கிடைப்பது அதில் பாதி!

செலவு? வளைவில் வண்டி கூடுதலாகச் சாயும். கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 70. டயர் கனத்தால் பிக்கப், மைலேஜ் அடிவாங்கும். பழைய டயரில் 60-ல் போனபோது காட்டிய இடத்திலேயே முள் நிற்கும். வண்டி 63-ல் போகும். தவிர, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் குனிந்து பார்த்தால் என்ன பதில்?

கம்பெனியே 226 மி.மீ. உயரம் தந்திருக்கிறது. இருக்கிற டயர் தேயட்டும்; பிறகு அதே அளவில் நல்ல ஆல் டெரெய்ன் போடுங்கள். இப்போதைக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் போதும். மணலில் காற்றைக் குறைத்து, ரோட்டில் நிரப்பிக்கொள்ளலாம்.

நண்பர் அரைமனதாய்த் தலையாட்டினார். அவருடைய அம்மாவுக்கு 72 வயது. வண்டியில் ஏற இப்போதே ஸ்டூல் கேட்கிறாராம்.