வெற்றிக்குப் பின் விழுந்த திரை

இத்தாலிய இயக்குநர் கில்லோ பொண்டெகோர்வோவின் ‘அல்ஜீர்ஸ் போர்’ என்னும் திரைப்படம் 1966ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் முதற்பரிசாகிய தங்கச் சிங்கத்தைப் பெற்றது. காஸ்பாவின் குறுகிய சந்துகளும், போராளித் தலைவர்களுள் ஒருவரான ஸாதி யாஸிஃபே தம்மையொத்த பாத்திரத்தில் தோன்றுவதும் அதற்கு மெய்ம்மையின் வலுவைத் தருகின்றன. அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதன் மீது நமக்கொரு வழக்கு உண்டு.

வேலைநிறுத்தத்தின்போது ஓர் இரவில், மாடி முற்றத்தில், தலைவர் லார்பி பின் மஹீதி இளைஞன் அலீயிடம் பேசுகிறார். புரட்சியைத் தொடங்குவதும் வெல்வதும் கடினமே. ஆயினும் மெய்யான இடர்கள் வென்ற பிறகே பிறக்கும் என்பது அவர் பேச்சின் சாரம். படம் முழுவதிலும் ஆழமான சிந்தனை இதுவே. ஆனால், திறந்த அக்கதவைப் படம் அத்துடன் மூடிவிடுகிறது. 1960 டிசம்பர் மக்கள் எழுச்சியைக் காட்டி, விடுதலை வந்ததென ஒரு குரல் அறிவிக்க, திரை விழுகிறது.

திரைக்குப் பின்னே நடந்தது என்ன? 1962 ஜூலை 5 அன்று விடுதலை மலர்ந்தது. ஆளவேண்டியவர்களோ பிளவுபட்டு நின்றனர். 1958இல் கெய்ரோவில் அமைந்த தற்காலிக அரசு, அப்போது பின் கத்தாவின் தலைமையில் இருந்தது. 1956 முதல் சிறையிலிருந்து மீண்ட பின் பெல்லா, திலிம்ஸான் நகரில் தனியே அரசியல் குழு அமைத்தார். எல்லைகளுக்கு அப்பால் வலுப்பெற்றிருந்த பூமதீனின் படை அவர் பக்கம் நின்றது. உள்நாட்டில் இரத்தம் சிந்திய பிராந்தியப் படைகளுள் சில அதனை எதிர்த்தன. சகோதரர் சகோதரரைச் சுட்டனர். ‘ஏழாண்டு போதும்’ என்று மக்கள் வீதியில் இறங்கிக் கதறினர். அதே கோடையில் ஐரோப்பியர் இலட்சக்கணக்கில் வெளியேற, அலுவலகங்களும் மருத்துவமனைகளும் ஆளின்றி வெறிச்சோடின.

செப்டம்பர் 20இல் நடந்த தேர்தலில் மக்கள்முன் வைக்கப்பட்டது ஒரே பட்டியல். அரசியல் நிர்ணய சபைக்கு ஃபர்ஹாத் அப்பாஸ் தலைவரானார். ஆனால், அரசியல் சட்டத்தின் நகல் அச்சபையில் உருவாகவில்லை. கட்சியினர் கூடிய ஒரு திரையரங்கில் ஏற்கப்பட்டது. அப்பாஸ் 1963 ஆகஸ்டில் பதவி துறந்தார். 1965 ஜூன் 19இல் பூமதீன், பின் பெல்லாவையே கவிழ்த்தார். தலைநகரில் உருண்ட டாங்கிகளை இப்படத்தின் படப்பிடிப்புக்கு வந்தவை என்று மக்கள் எண்ணினர் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு.

படத்தின் பொருள் அல்ஜீர்ஸ் நகரப் போராட்டமே, அரசமைப்பன்று எனச் சிலர் வாதிடக்கூடும். அப்போராட்டம் 1957இல் முடிந்தது. படமோ அத்துடன் நில்லாமல் 1960க்கும் 1962க்கும் தாவுகிறது. வெற்றியை எட்டிப்பிடிக்க மனமுள்ள படைப்பு, வெற்றியின் விலையைக் கூறவும் கடமைப்பட்டதன்றோ? இறுதிக் காட்சியில் முழங்கும் கூட்டத்துக்குத் தனிமுகம் இல்லை. இவர்களை யார் ஆள்வது, யாரைக் கேட்டு ஆள்வது என்ற வினாவும் எழவில்லை. பொது எதிரியை எதிர்ப்பதில் பிறந்த ஒற்றுமை, எதிரி போனபின் தானே ஆட்சியாகிவிடும் என்னும் மயக்கத்தையே அது நம் பிள்ளைகளிடம் விட்டுச் செல்கிறது. கருத்து வேறுபாட்டைப் பகையாக்காமல் கலந்து முடிவெடுக்கும் பழக்கம் போர்க்காலத்திலேயே விதைக்கப்படாவிடில், விடுதலைக்குப்பின் துப்பாக்கியே நடுவராகிவிடும்.

பின் மஹீதி 1957 மார்ச்சில் பிரெஞ்சுப் படையினரின் பிடியில் உயிர் நீத்தார். அது தற்கொலையன்று, கொலையே என்பதைப் பிரான்சு 2024ஆம் ஆண்டில்தான் ஒப்புக்கொண்டது. அவருடைய மரணத்தைப் பற்றிய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த இரவில் மாடி முற்றத்தில் அவர் எழுப்பிய வினாவோ, இப்படத்தில் இன்றும் விடையின்றியே நிற்கிறது.