எண்ணும் முத்திரையும்: அமெரிக்க எல்லைப்புற ரைஃபிள்களை இனங்காணும் முறை

குழலின் உட்புறத்தில் சுருள்வரி வெட்டப்பட்ட நீள்துப்பாக்கியே ரைஃபிள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தில் புழங்கிய ரைஃபிள்களை இனங்காண முற்படும் அருங்காட்சியக வல்லுநர், முதலில் உலோகத்தின் மேல் உள்ள எழுத்துகளையும் வரிசை எண்ணையுமே தேடுகிறார். ஆலையில் செய்தவற்றுக்கு இவ்வழக்கம் நன்றாகவே பொருந்துகிறது. எழுத்து தேய்ந்திருந்தாலும் அமைப்பு கைகொடுக்கும்: 1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைஃபிளில் குழலுக்கடியில் மரப்பிடி இல்லை, தோட்டாக்களை முன்முனையில்தான் நிரப்ப வேண்டும், 1866ஆம் ஆண்டின் வின்செஸ்டரில் பித்தளை நிறச் சட்டகத்தின் வலப்புறத்தில் அதற்கொரு வாயில் உண்டு, 1873 மாடலில் சட்டகம் இரும்பாயிற்று.

எனினும் எண் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதை, 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஜூனிப்பர் மரமொன்றில் சாய்த்தபடி கண்டெடுக்கப்பட்ட 1873 மாடல் வின்செஸ்டர் காட்டுகிறது. மரக்கட்டை வெளிறி வெடித்திருந்த அத்துப்பாக்கியின் எண்ணைக் கொண்டு, வயோமிங் மாநிலத்தின் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம், ஆலைப் பதிவேட்டின் துணையுடன், அது 1882இல் அனுப்பப்பட்டதென உறுதிசெய்தது. யாருக்கு என்பதைப் பதிவேடு கூறவில்லை. பின்னர் எக்ஸ்-ரே எடுத்தபோது, மரக்கட்டையின் உள்ளறையில் 1887க்கும் 1911க்கும் இடையில் தயாரான தோட்டா ஒன்று தென்பட்டது. பிறப்பைச் சொன்னது எண். 1887க்குப் பிறகும் யாரோ ஒருவர் அதைக் கையாண்டார் என்பதைச் சொன்னது, எவரும் பதிவுசெய்யாத அந்தத் தோட்டாதான்.

ஆலைக்காலத்துக்கு முந்தைய துப்பாக்கிகளிடம் இதே பழக்கம் வழிதவறச் செய்கிறது. பென்சில்வேனியாவின் நீள்ரைஃபிள்களுக்குரிய பூட்டு, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் விசையமைப்பு, பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்ததால், அதன் தகட்டிலுள்ள பெயர் துப்பாக்கியைச் செய்தவருடையதாக இருக்க வேண்டியதில்லை. சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிய பூட்டுகள் பின்னாளில் கேப்பு, அதாவது அடித்தால் வெடிக்கும் சிறு மூடி, வைத்துச் சுடும்படி மாற்றப்பட்டன. விலை கருதி அவற்றை மறுபடியும் கல்பூட்டாக்கிய வணிகரும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரின் ஹாக்கன் சகோதரர்களின் ரைஃபிள்களில், ஜேக்கப் 1849இல் இறந்ததால், இருவர் பெயரும் கொண்ட முத்திரை அதற்கு முற்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் முத்திரையைப் போலியாகக் குத்துவது அரிய வித்தையன்று. ஆகவே வல்லுநர் வடிவத்தை நாடுகிறார். அந்த வடிவ அளவுகோலும் ஏற்கெனவே அசலென ஒப்புக்கொள்ளப்பட்டவற்றிலிருந்தே பெறப்பட்டது என்பதால், முதலில் நேர்ந்த பிழை அடுத்தடுத்த தீர்ப்புகளிலும் தொடரக்கூடும் என்னும் குறை அதிகம் பேசப்படுவதில்லை.

இதைவிடப் பெருங்குறை, அசல்தன்மை என்னும் சேகரிப்பாளர் மதிப்பீட்டில் உள்ளது. உடைந்த கட்டையைப் பச்சைத்தோலால் இறுகக் கட்டியிருப்பது அல்லது பூர்வகுடியினர் பித்தளை ஆணிகளால் அழகுபடுத்தியிருப்பது எல்லைப்புற வாழ்வின் நேரடிச் சான்று; ஆலைநிலையை அளவாகக் கொள்ளும் கண்ணுக்கோ அது சேதம். ஆணி அடித்துப் பழமை காட்டும் போலிகளும் இருப்பதால், இவ்விஷயத்தில் ஐயம் முற்றிலும் தேவையற்றதன்று.

1876இல் போர் நடந்த லிட்டில் பிக்ஹார்னில், 1984 முதல் நடந்த அகழாய்வுகள் வேறொரு வழியைக் காட்டின. தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் சுடுமுள் ஒவ்வொன்றும் அதன் உறையில் தனித்த வடுவைப் பதிப்பதால், களத்தில் கிடைத்த உறைகளை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி இடம் மாறிச் சுட்ட பாதையைப் பின்தொடர முடிந்தது. இன்று எஞ்சியிருக்கும் துப்பாக்கியையும் இவ்வாறே சோதித்துப் பொருத்தலாம். சுட்ட கை எவருடையது என்பதை இம்முறையும் சொல்லாது. தேய்ந்த சுடுமுள்ளை அகற்றிப் புதியதைப் பொருத்திச் சீரமைத்த துப்பாக்கியிலோ, அந்தப் பொருத்தத்துக்கே வழியில்லை.