பிலிகுண்டுலு மருதங்கள்

பிலிகுண்டுலு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கன அடிதான். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் இடம் அது. செய்தித்தாளில் வெறும் எண்ணாகவே வாழ்கிறது. அந்த நீர் உரசிக்கொண்டு வரும் கரையின் அழகைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

அந்தக் கரையை ஒட்டி, இருளர் குடியிருப்புகள் உள்ள காட்டுப் பக்கம் போகிறவர்கள் முதலில் வேடியப்பனைப் பார்க்க வேண்டும். பழைய நடுகற்களைத் தருமபுரிச் சீமையில் அந்தப் பெயரில்தான் கும்பிடுகிறார்கள். நான் நின்று பார்த்தது ஒரு புலிக்குத்திக் கல். புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, வீரன் கத்தியைப் பாய்ச்சுகிறான். சிற்பி புலியைச் சிறிதாக்கவில்லை. இருவருக்கும் ஒரே உயரம். எதிரிக்குத் தந்த அந்த மரியாதைதான் கல்லின் நயம்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, ஆற்றோரமாக நீர்மருத மரங்கள். வழவழப்பான சாம்பல் பட்டை தகடு தகடாக உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பு தெரிகிறது. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போன இடத்தில் வேர்கள் பாறையைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. கீழே கிடக்கும் காயை எடுத்துப் பாருங்கள்: ஐந்து சிறகு, நட்சத்திரப் பழத்தைக் காயவைத்தது போல.

இத்தனையும் பார்த்தபின் அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடத்தில், சுள்ளியும் இலையும் சேர்த்துக் கட்டிய கூடு. சாம்பல் நிற மலை அணிலின் வீடு அது. எந்தப் பக்கமிருந்து ஆபத்து வந்தாலும் வேறொரு பக்கம் தாவிவிடத் தோதான இடம். தமிழகம், கேரளம், கர்நாடகம், இலங்கை தவிர உலகில் வேறெங்கும் இந்த அணில் கிடையாது. உடம்பின் நீளத்துக்குக் குறையாத வால். சாம்பல் கலந்த பழுப்பு மயிரினூடே வெள்ளை மயிர், பனி படிந்ததுபோல். மதிய வெயிலில் கிளைமேல் கவிழ்ந்து படுத்து அந்த வாலைத் தொங்கவிடும்போது அசைவது வால் மட்டுமே.

தரைக்கு அதிகம் இறங்காத உயிர் இது. ஒரு மருதம் சாய்ந்தால் அணிலின் பாதையே அறுந்துபோகும். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டதில் எனக்கு உள்ள மகிழ்ச்சிக்கு முதற்காரணம், தொட்டுக்கொண்டிருக்கும் இந்தக் கிளைகளே.

ஒகேனக்கல் போகிறவர்களே, அருவியையும் பரிசலையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். வனத்துறை அனுமதிக்கும் தூரம்வரை கரையோரம் நடங்கள். குரலைத் தாழ்த்தி, ஒரு மருதத்தடியில் கால் மணி நேரம் மேலே பார்த்தபடி நில்லுங்கள்.